வேலைக்கு வருபவரை விசாரிப்பது எப்படி?

சரக்கு எடுக்க வரும் சில்லறை வியாபாரிகள் முன்பெல்லாம் துவரம் பருப்பு என்ன விலை, வற்றல் வரத்து எப்படி என்றுதான் முதலில் கேட்பார்கள். இப்போது சிட்டையை நீட்டும்போதே, "அண்ணாச்சி, கடைக்கு நல்ல ஆள் ஒண்ணு இருந்தா சொல்லுங்க" என்கிறார்கள். தீபாவளிக்குத் தொங்கவிட்ட "வேலைக்கு ஆள் தேவை" அட்டை பொங்கலுக்கும் அதே ஆணியில் தொங்குகிறது. இந்த நிலையில் ஒருவர் தாமாகப் படியேறி வந்து வேலை கேட்டால், "நாளைக்குக் காலையில வந்துரு" என்று சொல்லிவிடத்தான் மனம் போகிறது. நாலு கேள்வி கேட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுவாரோ என்ற பயம் வேறு.

இதற்கு நேர்மாறாக நடப்பவர்களும் நம்மில் உண்டு. வருகிறவரின் பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் என்று இருப்பதை எல்லாம் அசலாகவே வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கேட்டால், "விசாரிச்சுத்தான் சேத்திருக்கேன்" என்பார்கள். அந்தக் காகிதங்களை ஒரு தடவையாவது பிரித்துப் படித்திருப்பார்களா என்றால் இல்லை. முதலாமவர் விசாரிக்கவே இல்லை. இரண்டாமவர் விசாரித்ததாக நினைத்துக்கொண்டு ஆளைப் பிணை பிடித்து வைத்திருக்கிறார். நஷ்டம் வரும்போது இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் வருகிறது.

முன் காலத்தில் நம் பெரியவர்கள் எப்படி ஆள் எடுத்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடை வைக்கப் போன நகரத்தார் பெருமக்கள் தம் கடைகளை மூன்றாண்டுத் தவணையில் சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தினார்கள். அந்த ஆளின் வீடு, கோயில், கொண்டான் கொடுத்தான் எல்லாம் செட்டிநாட்டில் தெரிந்தவை. கடல் கடந்து கணக்கில் கை வைத்தால் ஊரில் தலை காட்ட முடியாது. சென்னையில் அண்ணாச்சி கடைகள் பெருகியதும் இதே வழியில்தான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பையனை அவன் அப்பாவோ மாமாவோ கூட்டி வந்து விடுவார். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பது முதலாளிக்குப் பிறவியிலிருந்தே தெரியும். சில வருஷம் உழைத்தால் தனிக் கடை வைக்க முதலாளியே கைகொடுப்பார் என்ற நம்பிக்கை பையனுக்கும் இருந்தது. ஆக, விசாரணை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. ஊரே விசாரித்து அனுப்பியது.

அதைப் பற்றி முழுக்கப் பெருமை பேசவும் முடியாது. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளைகள் காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை பொட்டலம் மடித்துக்கொண்டு நின்றார்கள் என்பதும் அந்தக் காலத்தில் சேர்ந்ததுதான். எங்களில் பலரும் அப்படி நின்றவர்களே.

இன்று ஊர்ப் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நல்லதுதான். கிட்டங்கியில் மூட்டை தூக்கவும், கடையில் எடை போடவும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பக்கத்து ஜில்லாவிலிருந்து வருபவரும் நமக்கு அந்நியர்தான். ஊர் செய்துகொடுத்த வேலையை இனி நாமே செய்தாக வேண்டும். அதை எப்படிச் செய்வது, எதுவரை செய்வது என்பதில்தான் நமக்குள் தெளிவு இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது வயது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் பெற்றோருக்கு உதவுவதற்கு விலக்கு உண்டு. மீறினால் முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "பாக்கப் பெரிய பையனா இருந்தான் சார்" என்று அதிகாரியிடம் சொல்லிப் பயன் இல்லை. வயதுக்கு ஆதார் அட்டையை மட்டும் நம்பவும் வேண்டாம். 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், பிறந்த தேதியை நிர்ணயிக்க ஆதாரைவிடப் பள்ளிச் சான்றிதழே உரியது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பள்ளி மாற்றுச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ இருந்தால் அதைப் பார்த்துவிடுவது நல்லது. எங்கள் கடையில் 18 நிரம்பாதவரை எடுப்பதே இல்லை என்று வைத்துவிட்டோம். தலைவலி இல்லை.

அடுத்தது, வந்தவர் தாம் சொல்லும் ஆள்தானா என்பது. இதற்கு ஆதார் அட்டை உதவும். ஆனால் அதிலும் சில விஷயம் இருக்கிறது. தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதார் சரிபார்ப்பைப் பயன்படுத்துவதற்கு ஆதார் சட்டத்தில் வழி செய்திருந்த பகுதியை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் தாமாக விரும்பிக் காட்டினால் அதைப் பார்த்துச் சரிபார்க்க இடம் கொடுக்கப்பட்டது. எனவே வருகிறவர் வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ காட்டினால் அதையே ஏற்றுக்கொள்ளலாம். ஆதாரையே காட்டினால், அதில் கட்டம் கட்டமாக இருக்கும் கியூஆர் குறியீட்டை ஆதார் ஆணையத்தின் செயலி மூலம் செல்போனில் பிடித்துப் பார்த்தால் அட்டை அசலா போலியா என்று தெரிந்துவிடும். நகல் வைத்துக்கொள்வதாக இருந்தால், முதல் எட்டு எண்களை மறைத்துக் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் அட்டையை ஆதார் தளத்திலிருந்தே எடுக்கலாம். அது போதும். அசல் எதையும் வாங்கி வைக்க வேண்டாம். அவர் மகளுக்குப் பள்ளியில் இடம் கேட்கவும், ஊரில் ரேஷன் வாங்கவும் அந்தக் காகிதம் வேண்டும்.

இந்த அட்டைகளைவிட எங்களுக்கு அதிகம் பயன்பட்டது வீட்டில் இருப்பவரின் தொலைபேசி எண்தான். வேலைக்குச் சேரும் அன்றே, அவரை எதிரில் வைத்துக்கொண்டு, அவர் மனைவியிடமோ அப்பாவிடமோ இரண்டு வார்த்தை பேசிவிடுகிறோம். வடநாட்டுக்காரராக இருந்தால் இந்தி தெரிந்த ஒருவரைக் கொண்டு பேசச் சொல்கிறோம். இது வேவு பார்ப்பது அல்ல. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்யான படங்கள் செல்போனில் பரவியது நினைவிருக்கும். எங்கள் கிட்டங்கியில் அப்போது நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். எங்களிடம் இருந்த எண்களுக்கு நாங்களே கூப்பிட்டு, வீடியோவில் கிட்டங்கியையும் தெருவையும் காட்டி, பிள்ளைகளைப் பெற்றவர்களோடு பேசவிட்டோம். மூன்று பேர் தங்கினார்கள். ஒருவர் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பினார். விசாரித்து எழுதி வைத்த ஒரு எண் நமக்காக மட்டும் அல்ல, ஆளுக்கு ஆபத்து வரும்போது அவருக்காகவும்தான்.

ஊர் கேட்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. ஊர் கேட்போம், சொல்வார். "எந்தத் தெரு?" என்று அடுத்துக் கேட்போம். அது எதற்காகக் கேட்கிறோம் என்று நமக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். கல்லாவில் பணம் குறைவதற்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை. அதை விட்டுவிடலாம்.

போலீஸ் விசாரணை பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தமிழ்நாடு காவல்துறையே இணையதளம் வழியாக, கட்டணம் கட்டி, வேலைக்கு வருபவரின் நடத்தை குறித்துச் சரிபார்க்க விண்ணப்பிக்கும் வசதியை வைத்திருக்கிறது. அதற்கு ஆளின் சம்மதத்தோடு அவருடைய விவரங்களைக் கொடுக்க வேண்டும். பணம் கையாளும் வேலைக்கும், இரவில் கிட்டங்கியில் தங்கும் வேலைக்கும் இதைச் செய்யலாம். எடை போடுகிறவருக்கெல்லாம் தேவை இல்லை என்பது எங்கள் கருத்து. ஆனால் வருகிற பதிலைப் படிக்கத் தெரிய வேண்டும். வழக்குப் பதிவாகி இருக்கிறது என்பது வேறு, குற்றம் நிரூபணம் ஆகித் தண்டனை பெற்றார் என்பது வேறு. வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி இருவர் மேலும் வழக்குப் போட்டிருப்பார்கள். அதற்காக ஒருவரை எடை போட வேண்டாம் என்று சொல்வது நியாயமா? பதினெட்டு வயதுக்கு முன் செய்த தவறு ஒருவரின் பிற்காலத்துக்குத் தடையாக இருக்கக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது. நீதிமன்றங்களின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடிப் பார்க்கும் இளைஞர்களும் நம் கடைகளில் இருக்கிறார்கள். முத்துக்குமார் என்று போட்டால் எத்தனை முத்துக்குமார் வருவார்கள்! தகப்பனார் பெயர், ஊர் இரண்டும் ஒத்துப் போகாமல் எதையும் நம்பக் கூடாது. ஒரே பெயர் செய்யும் கேடு பற்றிப் பின்னால் எங்கள் கதையையே சொல்கிறோம்.

வேன் ஓட்ட வருகிறவரிடம் உரிமத்தை வாங்கிப் பார்ப்பது கட்டாயம். உரிமம் எந்த வகை வண்டிக்கு, எந்தத் தேதி வரை என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். உரிமம் இல்லாதவரை ஓட்டவிட்டால் வண்டிச் சொந்தக்காரருக்கே 2019 திருத்தத்துக்குப் பின் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதம் சிறிது. விபத்து நடந்தால்தான் பெரிய செலவு. காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு நம்மிடம் வசூலிக்க வழி உண்டு. உரிமம் போலி என்று பிறகு தெரியவந்தால் என்ன செய்வது? 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. பார்வைக்கு அசலாகத் தோன்றும் உரிமத்தைக் காட்டி, வண்டியையும் ஒழுங்காக ஓட்டிக் காட்டினால், அதற்கு மேல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டிய கடமை சொந்தக்காரருக்கு இல்லை, காப்பீட்டு நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. அதாவது, பார்த்தோம் என்பதற்கு நகலும், ஓட்டிக் காட்டச் சொன்னோம் என்பதற்கு ஒரு குறிப்பும் நம் கையில் இருக்க வேண்டும்.

லைன் வசூலுக்குப் போகிறவர் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் ஆளிடம் கடைக்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டால் நமக்குக் கொடுத்ததாகத்தான் அர்த்தம். ஆள் பணத்தோடு மறைந்தால் அந்தப் பாக்கியைக் கடைக்காரரிடம் மறுபடி கேட்க முடியாது. இப்போது கல்லாவிலும் ஒரு புதுத் தந்திரம் வந்திருக்கிறது. நம் கியூஆர் அட்டை இருக்க, "அது வேலை செய்யல" என்று சொல்லித் தன் செல்போனில் இருப்பதைக் காட்டிப் பணம் வாங்குகிறார்கள். இவற்றை எந்தச் சான்றிதழும் முன்கூட்டிச் சொல்லாது. ஆள் யார் என்பதைக் காகிதம் சொல்லும். ஆள் எப்படி என்பதை அவரோடு வேலை பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

இங்கேதான் விசாரணையின் முக்கியமான பகுதி வருகிறது. அது முன்பு வேலை பார்த்த கடையில் கேட்பது. ஒரு தொலைபேசி அழைப்பு, செலவு ஒன்றும் இல்லை. ஆனாலும் நம் வணிகத்தில் மிக மோசமாக நடப்பது இதுதான் என்று சொல்வதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. கேட்பவர் சரியாகக் கேட்பதில்லை. பதில் சொல்பவர் உண்மை சொல்வதில்லை. தொல்லை பிடித்த ஆள் ஒருவழியாகப் போனால் போதும் என்று, "தங்கமான பையன், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்போம். நல்ல வேலைக்காரர் நம்மை விட்டுப் போய்விட்டாரே என்ற கோபத்தில், "எதுக்கும் பாத்துக்குங்க" என்று இழுப்போம். அந்த இழுப்பு போதும். கேட்டவர் மேற்கொண்டு கேட்க மாட்டார். ஒரு குடும்பத்தின் பிழைப்பு அந்த ஒரு இழுப்பில் போய்விடும்.

நாங்களே அதைச் செய்தவர்கள்தான். 2008 தீபாவளிக்குச் சில வாரம் முன்பு, எங்களிடம் நான்கு வருஷம் லைன் வசூல் பார்த்த பையன் திடீரென்று நின்றுகொண்டான். சம்பளம் கூட்டிக் கேட்டான், சீசன் முடியட்டும் என்று சொன்னோம், போய்விட்டான். தீபாவளி நெருக்கத்தில் வசூல் பையன் இல்லாமல் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. அந்தக் கோபம் ஆறுவதற்குள், ஒரு கடையின் பேரில் 18,400 ரூபாய் பாக்கி நிற்பதைக் கணக்குப்பிள்ளை காட்டினார். கடைக்காரரைக் கேட்டால், "உங்க பையன்கிட்ட அப்பவே கொடுத்துட்டேனே" என்றார். எங்களுக்கு வேறு என்ன தோன்றும்? பையன் ஏன் அவசரமாகப் போனான் என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டதாக முடிவு கட்டினோம். அதே வாரம் வேறு ஊர் வியாபாரி ஒருவர் தொலைபேசியில் அவனைப் பற்றிக் கேட்டார். நாங்கள் திருடன் என்று சொல்லவில்லை. "சேத்துக்கிறது உங்க இஷ்டம். பணம் காசுப் பக்கம் மட்டும் விடாதீங்க" என்றோம். அவ்வளவுதான். இன்னும் இரண்டு பேர் நேரில் கேட்டபோதும் அதையே சொன்னோம்.

மார்ச்சில் வருஷக் கணக்கு முடிக்கும்போது உண்மை வெளியே வந்தது. அப்போதெல்லாம் எங்கள் பேரேடு கையால் எழுதுவதுதான். ஒரே பெயரில் இரண்டு ஊர்களில் இரண்டு கடைகள் எங்களிடம் சரக்கு எடுத்துவந்தன. பையன் வாங்கி வந்த பணத்தை அன்றைக்கே கல்லாவில் கட்டியிருக்கிறான். நாள்பேரேட்டில் சரியாக வரவாகி இருக்கிறது. அதைப் பேரேட்டில் எடுத்து எழுதியபோது மற்ற ஊர்க் கடையின் பக்கத்தில் எழுதிவிட்டார்கள். எழுதியது எங்கள் கடையின் கை. அந்த மற்ற ஊர்க்காரரும் தம் பேரில் அதிகம் வரவு நிற்பதைக் கண்டு சும்மா இருந்துவிட்டார். நாள்பேரேட்டை ஒரு மணி நேரம் புரட்டிப் பார்த்திருந்தால் ஐப்பசியிலேயே தெரிந்திருக்கும். நாங்கள் புரட்டவில்லை. வற்றல் மூட்டை கிட்டங்கியில் இருக்க இருக்க ஈரம் காய்ந்து எடை குறையும் என்று தெரிந்த நாம், எடை குறைந்தால் காய்ச்சல் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறோம். பணம் குறைந்தால் மட்டும் உடனே ஆளைப் பார்க்கிறோம்.

பையனின் ஊருக்குப் போனோம். அவன் இல்லை, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான் என்றார்கள். அவன் அப்பாவிடம் நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தோம். அவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு, "அய்யா, நீங்க சொன்னது நாலு கடைக்குப் போயிருக்கு. இப்ப எங்க வீட்டுல வந்து சொல்றீங்க. அந்த நாலு கடைக்கும்ல போய்ச் சொல்லணும்?" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. திரும்பி வந்து அந்த வியாபாரிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னோம். ஒருவர், "எந்தப் பையன்? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார். அவருக்கு ஞாபகம் இல்லை, ஆனால் அவன் வேலை போனது போனதுதான்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று பிறகு ஒரு வழக்கறிஞரிடம் கேட்டோம். அவர் சொன்ன ஒரு விஷயம் நம் வணிகர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அவதூறு பற்றிய 499-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்குக்கு உதாரணமாகக் காட்டப்பட்டவரே ஒரு கடைக்காரர்தான். இன்னார் ரொக்கம் கொடுத்தாலொழியச் சரக்குக் கொடுக்காதே, அவருடைய நாணயத்தில் தமக்கு நம்பிக்கை இல்லை என்று தம் கடையை நடத்தும் ஆளிடம் அவர் சொல்கிறார். தம் நலனைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு சொன்னால் அது அவதூறு ஆகாது. பிறருடைய நன்மைக்காக எச்சரிப்பதற்கும் அப்படியே ஒரு விலக்கு உண்டு. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவிலும் இந்த விலக்குகள் இருக்கின்றன. ஆகவே, கேட்கும் வியாபாரிக்கு உண்மையைச் சொல்ல நாம் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நல்லெண்ணம் என்றால் மனதில் கெட்ட எண்ணம் இல்லாதிருப்பது மட்டும் அல்ல. தக்க கவனம் செலுத்தாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தோடு செய்ததாகக் கொள்ள முடியாது என்று சட்டம் விளக்கம் கொடுத்திருக்கிறது. நாள்பேரேட்டைப் பார்க்காமல் நாங்கள் சொன்ன சொல்லுக்கு அந்த விலக்கு கிடைத்திருக்காது என்று வழக்கறிஞர் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

இப்போது நடக்கும் இன்னொரு காரியம் இதைவிட மோசம். வேலையை விட்டுப் போனவரின் போட்டோவையும் ஆதார் நகலையும் வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இவனை யாரும் சேர்க்காதீர்கள்" என்று எழுதுகிறார்கள். கேட்ட ஒருவருக்குப் பதில் சொல்வது வேறு, கேட்காத நூறு பேருக்கு அனுப்புவது வேறு. வேலைக்கு என்று நம்மை நம்பிக் கொடுத்த விவரத்தை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பதே 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் ஆகும். உண்மையிலேயே திருடியிருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். வேலை பார்க்கும் இடத்தில் திருடுவதையும், நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடுவதையும் சட்டம் கடுமையாகவே பார்க்கிறது. இரண்டுக்கும் ஏழாண்டு வரை சிறை உண்டு. புகார் கொடுக்கும் அளவுக்கு நம்மிடம் ஆதாரம் இல்லை என்றால், குழுவில் போடும் அளவுக்கும் இல்லை என்றுதான் அர்த்தம்.

முன்பணம் பற்றி ஒரு வார்த்தை. முந்தைய கடையில் முன்பணம் பாக்கி இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இருந்தால் அதைப் புது முதலாளி கட்டி, மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பது வழக்கம். சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பாக்கியைக் காட்டி, தீரும்வரை போகக் கூடாது என்று ஆளை நிறுத்தி வைத்தாலோ, அதற்காகச் சான்றிதழைப் பிடித்து வைத்தாலோ, 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் வாசலில் போய் நிற்போம். அதில் மூன்றாண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பணம் பாக்கி என்றால் அது கடன். ஆளை அடமானம் பிடிக்க முடியாது.

இத்தனையும் ஆள் சேருவதற்கு முன்பும், சேர்ந்த முதல் சில மாதங்களிலும் முடித்துவிட வேண்டியவை. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமலும் நிறுத்த முடியாது. நடத்தைக் குறைவு என்று சொல்லி நிறுத்துவதானால் முறையாக விசாரித்து, அந்த விசாரணையில் ஆதாரம் பதிவாகியிருக்க வேண்டும். முதல் ஆறு மாதத்தில் எங்கள் கடையில் புது ஆளைத் தனியாக வசூலுக்கு அனுப்புவதில்லை. பழைய ஆளோடு போகச் சொல்கிறோம். மாலையில் ரசீது அடிக்கட்டையும் பணத்தையும் அவர் எதிரிலேயே எண்ணி வரவு வைத்து, அவரிடமே ஒரு கையெழுத்து வாங்குகிறோம். 2008-இல் அந்த ஒரு கையெழுத்துப் புத்தகம் எங்களிடம் இருந்திருந்தால் அந்தப் பையனைச் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டோம்.

பழைய முதலாளியிடம் கேட்கும்போது "ஆள் எப்படி?" என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டோம். எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை இருந்தார், என்ன வேலை பார்த்தார், பணம் கையாண்டாரா, கணக்கில் வித்தியாசம் வந்ததா, வந்திருந்தால் எப்படித் தீர்ந்தது, ஏன் நின்றார், மறுபடி வந்தால் சேர்ப்பீர்களா என்று கேட்கிறோம். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் உண்மையான பதில் வந்துவிடுகிறது. கெட்டதாக ஏதாவது சொன்னால், உங்கள் கணக்கில் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்று அதையும் கேட்கிறோம். சிலருக்குக் கோபம் வருகிறது. வந்தால் வரட்டும். பிறகு வேலைக்கு வந்தவரிடமே, இப்படிச் சொல்கிறார்களே, உன் பக்கம் என்ன என்று கேட்டுவிடுகிறோம். அதற்கு ஐந்து நிமிஷம் ஆகிறது.

எங்களை யாராவது கேட்டாலும் அதே முறைதான். இத்தனை வருஷம் இருந்தார், இந்த வேலை பார்த்தார், எங்கள் கணக்கில் பாக்கி இல்லை, அல்லது இவ்வளவு பாக்கி என்று சொல்கிறோம். குணத்தைப் பற்றிக் கேட்டால் நாங்கள் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறோம். இழுத்துப் பேசுவதில்லை. சொன்னது யாரிடம், எந்தத் தேதி, என்ன என்று ஒரு நோட்டில் எழுதியும் வைக்கிறோம். நாளைக்கு அது தவறு என்று தெரிந்தால் யார் யாரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று அந்த நோட்டைப் பார்த்தால் தெரியும்.